கடலே இல்லாத ஊரோட நங்கூரம்

இங்கிலாந்தோட தெற்குக் கடற்கரையில இருக்கிற பிரைட்டன்ல, ஒரு சந்துக்குள்ள இருக்கிற நகைக்கடையில மோதிரம் பாத்துட்டு இருந்தோம். கூட வந்த தோழி லென்ஸை வாங்கி மோதிரத்தோட உள்பக்கம் பாத்துட்டு, "ஏய், குட்டியா நங்கூரம் குத்தியிருக்காங்க பாரு, கடற்கரை ஊர்ல செஞ்சதுன்னு அடையாளம் போல"ன்னு சந்தோஷப்பட்டா. கடைக்கார அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. இந்தக் கேள்வி அவங்களுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவையாவது வருமாம். அந்த நங்கூரம் பர்மிங்காம் அஸ்ஸே ஆபீஸோட, அதாவது தங்கம் வெள்ளியோட தரத்தைச் சோதிச்சு முத்திரை குத்துற ஆபீஸோட அடையாளம். பர்மிங்காம் நாட்டோட நட்டநடுவுல இருக்கிற ஊரு, அங்கேருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பாக்க மணிக்கணக்கா வண்டி ஓட்டணும்.

அப்போ கடலில்லாத ஊருக்கு எதுக்கு நங்கூரம்? 1773 வரைக்கும் பர்மிங்காம், ஷெஃபீல்டு ரெண்டு ஊர்லயும் அஸ்ஸே ஆபீஸ் கிடையாது, வெள்ளி சாமான் செய்றவங்க சோதனைக்கும் முத்திரைக்கும் வேற ஊருக்குத்தான் அனுப்பணும். எங்களுக்கும் வேணும்னு பார்லிமெண்ட்ல மனு போட வந்தவங்க லண்டன்ல "கிரவுன் அண்ட் ஆங்கர்" (கிரீடமும் நங்கூரமும்)ங்கிற சத்திரத்துல தங்கி பேசினாங்களாம், அனுமதி கிடைச்சதும் அந்தப் பேரையே ரெண்டா பிரிச்சு ஷெஃபீல்டு கிரீடத்தையும் பர்மிங்காம் நங்கூரத்தையும் எடுத்துக்கிச்சுன்னு ஒரு கதை சொல்லுவாங்க. ஷெஃபீல்டு 1975-ல கிரீடத்தை விட்டுட்டு ரோஜாவுக்கு மாறிடுச்சு. நங்கூரம் மட்டும் அப்படியே இருக்கு.

இந்த விஷயம் தெரிஞ்சதுக்கு அப்புறம் எந்தக் கடற்கரை ஊருக்குப் போய் என்ன வாங்கினாலும் எனக்கு ஒரே கேள்விதான் ஓடும், இதுல இந்த ஊரோடது எது, வேற எங்கேருந்தோ டப்பாவுல வந்து இறங்கினது எது? அதைத் தேடிப் போனா இந்த ஊர்கள்ல ஏன் இவ்வளவு சின்னக் கடைங்க, அதுலயும் ஏன் இத்தனை நகைக்கடைன்னு ஓரளவு புரியும்.

முதல்ல பழைய கதை. இங்கிலாந்துல கடற்கரைங்கிறது ரொம்ப நாள் மீன்பிடிக்கிறவங்க இடம்தான், பணக்காரங்க அந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டாங்க. 1750கள்ல ரிச்சர்ட் ரஸ்ஸல்னு ஒரு டாக்டர் கடல் தண்ணியில குளிச்சா, ஏன் அதைக் குடிச்சாலே நோய் தீரும்னு எழுத (ஆமா, குடிக்கணும்) பிரைட்டனுக்குக் கூட்டம் வர ஆரம்பிச்சுது. 1783-ல இளவரசர் ஜார்ஜ் வந்தாரு, இடம் பிடிச்சுப்போய் பின்னாடி பெரிய அரண்மனையே கட்டிக்கிட்டாரு. 1841-ல லண்டன்லேருந்து ரயில் வந்துடுச்சு, 1871-ல பேங்க் ஹாலிடேங்கிற பொது விடுமுறைச் சட்டமும் வந்துடுச்சு. அதுக்கப்புறம் காலையில வந்து சாயங்காலம் திரும்புற கூட்டம்தான் இந்த ஊர்களோட பொழப்பே. அந்தக் கூட்டத்துக்கு என்ன விக்க முடியும்னு யோசிச்சுப் பாருங்க. அரிசி பருப்பு விக்க முடியாது, அலமாரி விக்க முடியாது. பாக்கெட்ல அடங்கணும், வீட்டுக்குப் போய் "இது அங்க வாங்கினது"ன்னு காட்டணும். சின்னக் காசுக்கு எங்க கடிச்சாலும் உள்ளுக்குள்ள ஊர்ப் பேரு தெரியற ராக் மிட்டாய், பெரிய காசுக்கு நகை. நடுவுல மத்ததெல்லாம்.

பிரைட்டன் லேன்ஸ் இதுக்கு நல்ல உதாரணம். பழைய மீனவ ஊரோட சந்துங்கதான் அது, சசெக்ஸ் பக்கம் அந்த மாதிரி சந்துக்கு "ட்விட்டன்"னு தனிப் பேரே உண்டு, சில இடத்துல எதிர்ல ஒருத்தர் வந்தா நாம ஒருக்களிச்சுதான் நிக்கணும். (நார்த் லெய்ன்ங்கிறது வேற ஏரியா, "லெய்ன்"னா அந்தப் பக்கத்து பேச்சுல வயல்வெளி, அங்க பழைய துணி, பழைய ரெக்கார்டு, காபிக் கடைங்க. ரெண்டையும் குழப்பிக்காம சொல்ற ஒரு டூரிஸ்டை நான் இன்னும் பாக்கல, நானும் முதல் தடவை தப்பான இடத்துல ஒரு மணி நேரம் நகைக்கடை தேடினவன்தான்.) லேன்ஸ் ரொம்ப காலம் ஆன்டிக் கடைகளுக்குப் பேர் போன இடம். அந்த வியாபாரத்துக்கு ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு, பிரைட்டன்ல "நாக்கர் பாய்ஸ்"னு சொல்லுவாங்க, வீடு வீடா கதவைத் தட்டி வயசானவங்ககிட்ட பழைய சாமான் இருக்கான்னு கேட்டு அடிமாட்டு விலைக்கு வாங்கிட்டுப் போய் வியாபாரிகளுக்குத் தள்ளிவிடுற ஆளுங்க.

நாளாக ஆக அலமாரி, மேஜை, கடிகாரமெல்லாம் குறைஞ்சு மோதிரம் ஜாஸ்தியாயிடுச்சு. இதுக்குப் பெரிய ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், கடையோட அகலத்தைப் பாத்தாலே போதும். பத்தடி அகலக் கடையில நாலு அலமாரி வச்சா இடம் முடிஞ்சுது, அதே இடத்துல நாலு டிரே மோதிரம் வச்சா ஒரு வீட்டு விலைக்குச் சரக்கு நிக்கும், சாயங்காலம் அப்படியே தூக்கி சேஃப்ல வச்சுப் பூட்டிடலாம். பக்கத்துப் பக்கத்துல நாப்பது கடை ஒரே சாமானை வித்தா ஒருத்தனை ஒருத்தன் கெடுத்துக்க மாட்டானான்னு தோணும், நகையில அது தலைகீழ். நிச்சயதார்த்த மோதிரம் வாங்க வர்ற ஜோடி ஒரு கடைக்காக ரயில் ஏற மாட்டாங்க, நாப்பது கடை இருக்குன்னாதான் ஏறுவாங்க.

இன்னொரு காரணம் வரி. நிறைய பேர் கண்ணுல படாத விஷயம் இது. இங்க கடைக்கு வாடகை போக பிசினஸ் ரேட்ஸ்னு ஒண்ணு கட்டணும், அரசாங்கம் அந்த இடத்துக்குப் போட்டிருக்கிற வருஷ வாடகை மதிப்பை வச்சுக் கணக்குப் போடுவாங்க. அந்த மதிப்பு 12,000 பவுண்டுக்குள்ள இருந்து, அந்த வியாபாரிக்கு அது ஒண்ணுதான் இடம்னா, இங்கிலாந்துல ரேட்ஸ் சுத்தமா கிடையாது. 12,000லேருந்து 15,000 வரைக்கும் போகப் போக சலுகை குறையும், அதுக்கு மேல அந்தச் சலுகையே இல்ல. இப்போ ஒரு கடற்கரை ஊரை மனசுல கொண்டுவாங்க. மெயின் ரோட்ல டெபன்ஹாம்ஸ் மாதிரி பெரிய கடை இருந்த கட்டடம் (அந்தக் கடைங்க எல்லாம் 2021-ல மொத்தமா மூடியாச்சு) ஜன்னல்ல பேப்பர் ஒட்டிக் கிடக்கும், ரெண்டு தெரு தள்ளி பழைய டவுன்ல இருக்கிற சந்துல குட்டிக் குட்டிக் கடையா நெரிசலா இருக்கும். பாக்கிறவங்க "சின்னக் கடைக்கு ஜனங்க ஆதரவு தர்றாங்க"ன்னு நெகிழ்ந்து போவாங்க. ஆதரவு இருக்குதான், ஆனா பாதி வேலையை அந்த 12,000ங்கிற கோடு செஞ்சுடுது. ஞாயித்துக்கிழமை விஷயமும் இதே மாதிரிதான், 1994 சட்டப்படி 280 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற கடை ஞாயித்துக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், சின்னக் கடைக்கு அந்தக் கட்டுப்பாடே இல்ல. டூரிஸ்ட் ஊர்ல ஞாயிறு சாயங்காலம் சும்மா கிடைக்கிற வியாபாரம்.

சரி, ஊரோட சொந்தச் சரக்குன்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லணும்னா விட்பிக்குத்தான் போகணும். வடக்கே யார்க்ஷயர் கடற்கரை. பாலத்தைத் தாண்டி கிழக்குப் பக்கம் சர்ச் ஸ்ட்ரீட்ல நடந்தீங்கன்னா மேல அபிங்கிற பழைய மடாலயம் இருக்கிற குன்றுக்கு ஏறுற 199 படி வர்ற வரைக்கும் கடைக்குக் கடை கருப்புக் கல்லு. கல்லுன்னு சொல்றேனே தவிர அது கல்லு இல்ல, மரம். சுமார் 18 கோடி வருஷத்துக்கு முன்னாடி அரௌகாரியாங்கிற ஊசியிலை மரத்தோட சொந்தக்கார மரங்க கடல்ல விழுந்து சேத்துல புதைஞ்சு, மேல மேல மண்ணு அழுத்தி அழுத்தி இப்படி ஆயிருக்கு. அதுதான் ஜெட். ரோமானியர் காலத்துலயே யார்க் நகரத்துல இதைச் செதுக்கி நகை போட்டிருக்காங்க. 1851-ல லண்டன் மகா கண்காட்சியில வச்சப்போ பேர் கிடைச்சுது, ஆனா பணம் கொட்ட ஆரம்பிச்சது ஒரு சாவுல. 1861 டிசம்பர்ல விக்டோரியா ராணியோட கணவர் ஆல்பர்ட் இறந்துபோனாரு. ராணி கருப்பு உடுத்தினவங்க 1901-ல சாகுற வரைக்கும் மாத்தவே இல்ல. அரண்மனையில துக்கத்துக்கு ஜெட் நகைதான்னு ஆனதும் நாட்டுல இருக்கிற நடுத்தரக் குடும்பமெல்லாம் அதையே பிடிச்சுக்கிச்சு. அந்தக் காலத்துல துக்கம் காக்கிறதுக்கு எந்தச் சொந்தத்துக்கு எத்தனை மாசம், எப்போ பளபளப்பு இல்லாதது, எப்போ பளபளப்பு போடலாம்னு பெரிய முறையே இருந்துச்சு. 1870கள்ல விட்பியில ஆயிரம் பேருக்கு மேல இந்தத் தொழில்ல இருந்தாங்க, சின்ன மீன்பிடி ஊருக்கு அது பெரிய எண்ணிக்கை.

ஜெட்டுக்கு இன்னொரு குணம், எடையே இருக்காது. விக்டோரியா காலத்துப் போட்டோவுல கழுத்துக்கும் நெஞ்சுக்கும் அவ்வளவு பெரிய சங்கிலி போட்டுட்டு நிக்கிறாங்களே, கழுத்து வலிக்காதான்னு நினைச்சா, அது பஞ்சு மாதிரி.

கெட்டதும் வேகமாத்தான் நடந்துச்சு. தேவை ஏறினதும் ஸ்பெயின்லேருந்து மலிவான, உறுதி இல்லாத மிருதுவான ஜெட் வந்துச்சு, அதுல செஞ்சது சீக்கிரம் விரிசல் விட்டுச்சு, பேர் கெட்டது விட்பிக்கு. "ஃபிரெஞ்ச் ஜெட்"னு கருப்புக் கண்ணாடி, வல்கனைட்னு கெட்டிப்படுத்தின ரப்பர், சதுப்பு நிலத்துல கிடைக்கிற கருத்த ஓக் கட்டை, எல்லாம் அதே டிசைன்ல பாதி விலைக்கு. 1880கள்ல ஃபேஷனும் மாறிடுச்சு. அப்புறம் ரொம்ப நாளைக்கு விரல் விட்டு எண்ற ஆளுங்கதான் செதுக்கிட்டு இருந்தாங்க. இப்போ மறுபடி கடைங்க நிறைஞ்சிருக்கு, 1994-லேருந்து அந்த ஊர்ல நடக்கிற காத் வீக்எண்டுங்கிற (காத் இசை ரசிகர்களோட) திருவிழாவுக்குக் கருப்பு உடுப்போட வர்ற கூட்டம் ஜெட் கடைக்கு எப்படியோ பொருத்தமா அமைஞ்சுபோச்சு.

இந்த விஷயத்துல நானும் ஏமாந்திருக்கேன். விட்பியில இல்ல, வேற ஒரு ஊர்ல சாமான் பரப்பியிருந்த ஒரு ஸ்டால்ல, "விக்டோரியன் ஜெட்"னு சீட்டு ஒட்டின கம்மல் 40 பவுண்ட் குடுத்து அம்மாவுக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து கையில வச்சுப் பாத்தப்போதான் உறைச்சுது, ஐஸ் மாதிரி சில்லுனு இருக்கு, நல்ல கனமாவும் இருக்கு. கண்ணாடி. நிஜ ஜெட் கையில எடுத்த உடனே வெதுவெதுன்னு பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், அதனால்தான் புதுசா பாக்கிறவங்க நிஜத்தை போலின்னும் போலியை நிஜம்னும் நினைச்சுக்கிறாங்க. பீங்கானோட பளபளப்பு பூசாத பக்கத்துல உரசினா ஜெட் பழுப்பா கோடு போடும், நிலக்கரி கருப்பா போடும். கடற்கரையில பொறுக்கிறவங்க இப்படித்தான் பாப்பாங்க, கடையில போய் உரசிடாதீங்க, அடிச்சு விரட்டுவாங்க. பொறுக்கப் போறவங்களும் பாறைச் சரிவுக்கு அடியில நிக்காதீங்க, ஜெட் வெளிய வர்றதே அந்தப் பாறை இடிஞ்சு விழுறதாலதான்.

விட்பிக்கு வடக்கே சீஹாம்னு ஒரு ஊரு, அங்க கதை இன்னும் வேடிக்கை. 1850கள்லேருந்து 1921 வரைக்கும் அங்க பெரிய பாட்டில் ஃபேக்டரி ஓடிச்சு, கழிவுக் கண்ணாடியெல்லாம் கடல்ல கொட்டினாங்க. நூறு வருஷமா அலை அதை உருட்டி உருட்டி வழுவழுன்னு ஆக்கிக் கரையில தள்ளுது, ஒரே துண்டுல ரெண்டு மூணு கலர் இருந்தா மதிப்பு ஜாஸ்தி. அதை வெள்ளியில கட்டி விக்கிறாங்க. குப்பைதான், ஆனா அந்த ஊர்க் குப்பை, வேற எங்கேயும் செய்ய முடியாது. கிழக்கே சஃபோக், நார்ஃபோக் கடற்கரையில பால்டிக் பக்கத்து ஆம்பர் (கல்லா இறுகின பழைய மரப்பிசின்) ஒதுங்கும், சவுத்வோல்டுல அதுக்குன்னே கடை இருக்கு. ஆனா கடையில நிக்கிற ஆம்பர் மொத்தமும் அந்தக் கரையில ஒதுங்கினதுன்னு நினைச்சுக்க வேண்டாம், அந்த அளவுக்கெல்லாம் ஒதுங்காது. கேட்டா நல்ல கடைக்காரங்க மறைக்காம சொல்லுவாங்க.

இப்போ முத்திரைக்கு வருவோம், ஏன்னா ஜெட்டுக்கும் கண்ணாடிக்கும் முத்திரை கிடையாது, அதைப் பிடிச்சிருக்கிற தங்கம் வெள்ளிக்குத்தான் உண்டு. 1973 ஹால்மார்க்கிங் சட்டப்படி 1 கிராமுக்கு மேல இருக்கிற தங்கம், 7.78 கிராமுக்கு மேல இருக்கிற வெள்ளி, அரை கிராமுக்கு மேல இருக்கிற பிளாட்டினம் முத்திரை இல்லாம அந்தப் பேர் சொல்லி விக்கக் கூடாது. அதனால சின்ன வெள்ளிக் கம்மல்ல முத்திரை இல்லைன்னா பயப்பட வேண்டாம், எடை பத்தியிருக்காது. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நம்ம நங்கூரம், ஷெஃபீல்டுக்கு ரோஜா, எடின்பரோவுக்குக் கோட்டை, மொத்தம் நாலு ஆபீஸ். பக்கத்துல எழுத்துங்க இருக்கும், அது சோதனைக்கு அனுப்பின ஆளோட குறி. அதுதான் நான் முதல்ல பாக்கிறது. "எங்க பட்டறையில செஞ்சது"ன்னு சொல்ற கடையில மோதிரத்துல இருக்கிற குறி அவங்களோடதான்னு கேட்டுப் பாருங்க, பதில் சொல்ற வேகத்துலயே பாதி தெரிஞ்சிடும். பர்மிங்காம்லயோ லண்டனோட நகைத் தெருவான ஹேட்டன் கார்டன்லயோ வார்த்தது இங்க வந்து கல்லு மட்டும் வைக்கிறதும் நடக்குது. அதுல தப்பில்ல, அதைச் சொல்லி வித்தா.

நம்ம ஆளுங்களுக்கு இங்க முதல் அதிர்ச்சி 375ங்கிற நம்பர். 9 கேரட், அதாவது நூத்துக்கு முப்பத்தேழரை பங்குதான் தங்கம், பாக்கி வேற உலோகம். என் அம்மா அதைத் தங்கம்னு ஒத்துக்கவே மாட்டாங்க. 916 வேணும்னா லண்டன்ல கிரீன் ஸ்ட்ரீட், டூட்டிங் பக்கம்தான் போகணும், கடற்கரைக் கடையில பெரும்பாலும் 9, 18தான். ரெண்டாவது அதிர்ச்சி, இன்னைக்கு கிராம் என்ன விலை, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எத்தனை சதவீதம்னு கேட்டா கடைக்காரங்க முழிப்பாங்க. மொத்தமா ஒரு விலை, சீட்டுல எழுதியிருக்கும், 20 சதவீத வாட் அதுக்குள்ளயே. இங்க நகையை யாரும் சேமிப்பா நினைச்சு வாங்கறதில்ல, அதனால விலையில தங்கத்தோட பங்கு எவ்வளவுன்னு யாருக்கும் கவலையும் இல்ல. நாம அந்தக் கணக்கோட போனா எல்லாமே கொள்ளையாத்தான் தெரியும்.

ஒரு விதிவிலக்கு, அது லேன்ஸ் மாதிரி பழைய நகைச் சந்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ளயே இருக்கும். சாவரின் காசு. 1817-லேருந்து வர்ற 22 கேரட் தங்கக் காசு, எடை 7.98 கிராம். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நாம சவரன்னு சொல்றோமே, அதேதான். பிரிட்டிஷ்காரன் காசோட பேரும் எடையும் நம்ம ஊர் நகைக்கடையில 8 கிராமா நின்னுபோச்சு, இங்க அந்தக் காசையே மோதிரத்துல கட்டிப் போட்டுக்கிறாங்க. சவரன்னா அளவுன்னு மட்டுமே தெரிஞ்ச எனக்கு, ஒரு "சவரனை" ராணி தலையோட கையில வச்சுப் பாத்தப்போ ஒரு மாதிரி ஆயிடுச்சு.

பழைய நகையில இன்னும் ஒரு சூட்சுமம். 15 இல்லைன்னா 625ன்னு குத்தியிருந்தா அது 1854-க்கும் 1932-க்கும் நடுவுல செஞ்சது, ஏன்னா 15 கேரட்டுங்கிற தரமே அந்தக் காலத்துல மட்டும்தான் இருந்துச்சு. 1950-க்கு முன்னாடி செஞ்ச நகைக்கு முத்திரை இல்லாமலேயே விக்க சட்டத்துல இடம் உண்டு, அதனால முத்திரை இல்லாத பழைய நகையெல்லாம் போலின்னு முடிவு பண்ண வேண்டாம். செகண்ட் ஹேண்ட் நகையில கடைக்காரர் வாட் கட்டறது பெரும்பாலும் அவரோட லாபத்துக்கு மட்டும்தான், முழு விலைக்கு இல்ல. அதே மாதிரி மோதிரம் புதுசா வாங்குறதை விட பழசா வாங்கினா மலிவா இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஊர் ஊரா கிளை வச்சிருக்கிற பெரிய கடைகளை விட்டுட்டு இந்தச் சின்னக் கடைக்கு ஏன் வரணும்னு கேக்கிறவங்களுக்கு இங்க எல்லாரும் சொல்ற ஒரு பழைய சம்பவம் இருக்கு. 1991 ஏப்ரல்ல ஜெரால்ட் ராட்னர், நாட்டுலயே பெரிய நகைக்கடைக் குழுமத்தோட தலைவர், ஒரு கூட்டத்துல தன் கடைச் சரக்கு குப்பைன்னும், தான் விக்கிற கம்மல் ஒரு எறா சாண்ட்விச்சை விட மலிவு, அந்த அளவுக்கு உழைக்கவும் உழைக்காதுன்னும் ஜோக் அடிச்சாரு. கூட்டம் சிரிச்சுது, மறுநாள் பேப்பர்ல வந்துச்சு, கம்பெனியோட மதிப்பு அதல பாதாளத்துக்குப் போயிடுச்சு, கடைசியில பேரையே சிக்னெட்னு மாத்த வேண்டியதாப் போச்சு. சின்னக் கடைக்காரன் யோக்கியன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ஆனா கவுண்டர்ல நிக்கிற ஆளே முதலாளியா இருந்தா, அந்தக் கம்மல் உடைஞ்சா நீங்க திரும்பி வந்து நிக்கப் போறது அவர் முன்னாடிதான். மோதிரம் பெருசாக்குறது, முத்து கோக்கிறது, வாட்ச் பேட்டரின்னு குளிர்காலம் முழுக்க அவங்க சாப்பிடுறது உள்ளூர்க்காரங்க ரிப்பேர் காசுலதான்.

சட்டம் பத்தி சுருக்கமா. கடையில நேர்ல வாங்கின சாமானைப் பிடிக்கலைன்னு திருப்பிக் குடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது, கடைக்காரர் மனசு வச்சாத்தான். குறை இருந்தா 30 நாளைக்குள்ள பணத்தைத் திருப்பிக் கேக்கலாம். 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும்னா கிரெடிட் கார்டுல வாங்குங்க, கடை ஓடிப்போனாலும் கார்டு கம்பெனி பொறுப்பு. ஊர்லேருந்து வர்ற சொந்தக்காரங்க ஏர்போர்ட்ல வாட் திரும்பக் கிடைக்கும்னு நம்பி வாங்குவாங்க, 2020 முடிவோட அது போயிடுச்சு, கடைக்காரரே வெளிநாட்டுக்கு அனுப்பி வச்சா மட்டும் வாட் இல்லாம வாங்கலாம்.

கடைசியா தென்கிழக்குக் கரையில நடக்கிறது. மார்கேட்ல 2011-ல டர்னர் கண்டம்பரரி கேலரி வந்துச்சு, ஃபோக்ஸ்டன்ல ஒரு பெரிய பணக்காரர் ஆரம்பிச்ச அமைப்பு பழைய டவுன் கட்டடங்களை வாங்கி ரிப்பேர் பண்ணி கலைஞர்களுக்கும் சின்னக் கடைங்களுக்கும் குறைஞ்ச வாடகைக்கு விட்டுச்சு, 2009-ல வேக ரயில் வந்ததும் ஃபோக்ஸ்டன்லேருந்து லண்டன் ஒரு மணி நேரத்துக்குள்ள ஆயிடுச்சு. வெள்ளி நகை செய்ற பொண்ணுங்க, செராமிக் கடைங்க, எல்லாம் வந்தாச்சு. கூடவே லண்டன்காரங்களும் வீடு வாங்க வந்தாச்சு, அவங்களுக்கு உள்ளூர்ல டி.எஃப்.எல்னு பட்டப்பேரு, "லண்டன்லேருந்து இறங்கினவங்க"ன்னு அர்த்தம். வாடகை ஏறுது. ஃபோக்ஸ்டன் மாதிரி கட்டடம் ஒரு அமைப்போட கையில இருந்தா கடைக்காரங்க தாக்குப்பிடிக்கலாம், மத்த ஊர்ல அந்தத் தெருவை அழகாக்கினவங்களே முதல்ல காலி பண்ணிட்டுப் போறாங்க.

போறதா இருந்தா ஆகஸ்ட் சனிக்கிழமை போகாதீங்க, நவம்பர்ல மழை பெய்ற செவ்வாக்கிழமை போங்க. போறதுக்கு முன்னாடி போன் பண்ணிடுங்க, பாதிக் கடை பூட்டியிருக்கும். திறந்திருக்கிற கடையில ஹீட்டர் பக்கத்துல ஒருத்தர் தனியா உக்காந்து லென்ஸ் மாட்டிட்டு எதையோ நோண்டிட்டு இருப்பாரு. அவர்கிட்ட நங்கூரம் பத்திக் கேளுங்க, அரை மணி நேரம் விடமாட்டாரு.